காப்பாரும் உரியாரும்

ஒரு நாட்டின் பண்டை நிலையை அறிய விரும்புவார்க்குத் துணைகள் இரண்டு. ஒன்று ஏடு; மற்றொன்று பொருள். ஏடு எழுத்தறிந்தார் எல்லாரோடும் பேசும். பொருளோ, உற்றுநோக்குவாரோடு மட்டுமே பேசும். உடைந்த பானையின் ஓடும், மண்ணிற் கிடந்த மணியும், கல்லிற் செதுக்கிய உருவும், செம்பில் வார்த்த படிமமும் தம்மைச் செய்தோருடைய வாழ்க்கையைத் தம்முள் அடக்கிவைத்துள்ளன. அவற்றைத் திரட்டி, வெயிலும் மழையும் கள்வரும் அணுகாவண்ணம் காத்து, கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒருங்கே காட்டும் இடங்களைச் சென்ற தலைமுறையினர் பொருட்காட்சிச்சாலை என்றனர். நாம் அருங்காட்சியகம் என்கிறோம்.

அங்குச் செல்வோர் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, 'இஃது யாது?' என்று கேட்பர். அதற்கு விடை அருகிலுள்ள சீட்டில் எழுதப்பட்டிருக்கும். 'இஃது இங்கு எவ்வாறு வந்தது?' என்று கேட்போர் மிகச் சிலரே. ஆண்ட நாடுகளுக்கும் ஆளப்பட்ட நாடுகளுக்கும் இடையே இன்று உலகெங்கும் நிகழும் வாதம் இந்த இரண்டாம் வினாவினின்று எழுந்ததாகும். கொடி இறங்கிற்று, படை அகன்றது, விடுதலை விழாவும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆயினும், ஒரு மக்களுடைய கடவுட் படிமமும் அரசர் பட்டயமும் ஊர்க் கணக்கும் பிறிதொரு நாட்டாருடைய பேழையில் இருக்குமாயின், அவ்விரு நாட்டாரும் முற்றும் நிகராயினர் என்று கூறுதல் இயலுமோ?

மாணவர்களே! இவ்வினாவை ஆராய்வதற்குத் தொலைவிற் செல்ல வேண்டா. நம் புதுவை நகரே போதும். 1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் என்பார் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியிருப்பை நிலைபெறச் செய்தார். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இடையிடையே கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியே இங்கு நிலவிற்று. ஆட்சி மாற்றம் சட்டமுறையில் நிறைவெய்திய நாள் 1962 ஆகஸ்டு 16. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேற்றரசின் கீழ் வாழ்ந்த ஊரில் ஏடும் பொருளும் யார் கையில் எவ்வாறு சென்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் ஓர் ஏட்டைப் பற்றிக் கூறுவேன். துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்தில் அவருக்குத் துபாசியாய் விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1736ஆம் ஆண்டு தொடங்கித் தாம் மறைந்த 1761ஆம் ஆண்டு வரை, கோட்டையில் நிகழ்ந்தனவற்றையும் கடைத்தெருவில் பேசப்பட்டனவற்றையும் கப்பல் வந்த செய்தியையும் கடன் வாராத கவலையையும் தமிழில் எழுதிவைத்தார். அவருடைய நடை இலக்கண வரம்புக்குள் அடங்குவதன்று. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் மலிந்தது. நன்னூலை நெட்டுருச் செய்து வளர்ந்த என் போன்றார்க்கு அது முதலிற் சற்றே கூச்சம் தரும். பத்துப் பக்கம் படித்தபின் அக்கூச்சம் எங்கோ போய்விடும். 1748ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரை முற்றுகையிட்ட காலத்து வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியை அவ்வூரில் அன்று வாழ்ந்த தமிழர் ஒருவரே எழுதிவைத்த சான்று நமக்குக் கிடைத்திருப்பது இந்நாட்குறிப்பினால்தான்.

பிள்ளை மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேடுகள் வீட்டிற் கிடந்தன. 1846ஆம் ஆண்டில் கல்லுவா மோம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். ஏரியல் என்னும் அதிகாரி எடுப்பித்த படியொன்று பாரிசு தேசிய நூலகத்தை அடைந்தது. மூல ஏடுகளிற் சில பின்னர்க் காணாமற் போயின. சென்னை அரசினர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டனர். தமிழ் மூலம் புதுவையில் அச்சேறத் தொடங்கியது 1948ஆம் ஆண்டில்! தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதைத் தமிழர் முதலில் ஆங்கிலத்திற் படித்தனர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே தாய்மொழியில் அச்சுருவிற் காணத் தொடங்கினர்.

இதில் உண்மைகள் இரண்டு உள்ளன. இரண்டையும் சொல்லுதல் நேர்மை. அயலார் தேடியிராவிடின் அந்நாட்குறிப்பு கரையானுக்கு இரையாகியிருத்தலும் கூடும். அஃது ஓர் உண்மை. எழுதிய மக்கள் தம் ஏட்டைக் கடைசியிற் பெற்றனர் என்பது மற்றோர் உண்மை. முதலாவதற்கு நாம் நன்றி செலுத்துதல் தகும். அந்நன்றியால் இரண்டாவது குறை நீங்கிவிடாது.

ஏட்டைப் பற்றிய பேச்சு மற்றொரு செய்தியை நினைவூட்டுகின்றது. 1956 மே 28ஆம் நாள் இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே புதுவையும் காரைக்காலும் மாகியும் ஏனாமும் இந்தியாவுக்கு உரிமையாயின. மொழியுரிமை, குடியுரிமை, ஓய்வூதியம் முதலிய பலவற்றை நன்கு எண்ணி வரைந்த உடன்படிக்கை அது. அதில் ஆவணங்களைப் பற்றியும் ஒரு விதி உண்டு. வரலாற்றுச் சிறப்புடைய ஆவணங்கள் பிரெஞ்சு அரசின் காவலில் இருக்கும். ஆட்சி நடத்துதற்கு வேண்டிய ஆவணங்கள் இந்திய அரசின் காவலில் இருக்கும் என்பதே அதன் பொருள். மேலோட்டமாகப் படிப்பார்க்கு இது நேரிய பங்கீடு போலத் தோன்றும். சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். நேற்றைய நிலவரிக் கணக்கு நமக்கு. முந்நூறு ஆண்டு வரலாறு அவர்க்கு! ஒரு வீட்டை விற்பவர் திறவுகோலையும் வரி இரசீதையும் கொடுத்துவிட்டு, அவ்வீட்டில் வாழ்ந்தோருடைய கடிதங்களையெல்லாம் தம்மோடு எடுத்துச் சென்றாற் போன்றது இது. அதிலும் இஃது அவர் கட்டிய வீடு மட்டுமன்று. இங்கு நெய்த நெசவாளரும், கப்பலேற்றப்பட்ட கூலியாட்களும், வழக்காடிய குடிகளும் அக்கடிதங்களில் உள்ளனர்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் ஆவணங்கள் தென்பிரான்சில் ஏக்சு நகரத்துக் காப்பகத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அங்கே அவற்றை நன்கு பேணுகின்றனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. புதுவையில் எஞ்சிய பிரெஞ்சுக்கால ஆவணங்களை இலாசுப்பேட்டையில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் பிரிவு காத்து வருகின்றது. ஆயினும் தன் பாட்டன் ஊரின் வரலாற்றை முழுமையாக ஆராய விரும்பும் புதுவை மாணவன் ஒருவன் கடல் கடக்க வேண்டியவனாகவே உள்ளான். பாரிசு மாணவனுக்கோ சில மணி நேரப் புகைவண்டிப் பயணம் போதும். நிகர்மை இல்லை என்பது இங்கே கண்கூடு. இதற்கு மாற்று அரிதன்று. தாளின் பயன் அதன் எழுத்தில் உள்ளது. எழுத்தைப் பிழையறப் படியெடுக்க இக்காலத்துக் கருவிகள் பல உள்ளன. புதுவை பற்றிய ஒவ்வொரு தாளின் படியும் புதுவையிற் கிடைக்க வேண்டும். அதுவும் கருணையாக அன்று, உரிமையாக. இஃது என் முதற் கருத்து.

தாளுக்குப் பொருந்தும் இவ்விதி மண்ணினின்று எடுத்த பொருளுக்கு அப்படியே பொருந்தாது. புதுவைக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் லெ ழாந்தி என்னும் வானநூலறிஞர் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியை அளக்கும் பொருட்டுப் புதுவைக்கு வந்தார். 1769ஆம் ஆண்டில் அவர் காத்திருந்த அந்நாளில் மேகம் வந்து மறைத்துவிட்டது, பாவம்! வானம் காட்ட மறுத்தவர்க்கு மண் ஒன்றைக் காட்டிற்று: இம்மேட்டில் பழங்கட்டடங்களின் சிதைவுகளைக் கண்டு அவர் குறித்துவைத்தார். பின்னர், 1930களில், புதுவைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் என்பார் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிக் கொணர்ந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அவற்றுள் ஒரு மணியில் மனிதத் தலையொன்று செதுக்கப்பட்டிருந்தது. அஃது உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை என்று அவர் கருதினார். இம்மேடு மெய்யான உரோம நகரமே என்றும் கூறினார்.

அடுத்து நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1940களின் தொடக்கத்தில் இங்கே தோண்டி எடுத்தவற்றுள் சில இந்திய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. சில, வியட்நாம் நாட்டு அனாய் நகரில் இருந்த பிரெஞ்சுக் கீழ்த்திசைக் கல்விக் கழகத்துக்கு அனுப்பப்பட்டன. ஓர் அடிமை நாட்டு மண்ணினின்று எடுத்த பொருள் மற்றோர் அடிமை நாட்டுக்குச் செல்கின்றது; தமிழரையும் கேட்டாரில்லை, வியட்நாமியரையும் கேட்டாரில்லை. ஆளுவோர்க்கு இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகத் தோன்றின போலும்!

1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் செந்நிறக் கலங்களின் ஓடுகளையும் மது கொணர்ந்த சாடிகளின் ஓடுகளையும் கண்டு, அவற்றின் துணையால் காலத்தை வரையறுத்தார். தென்னாட்டுத் தொல்பொருள் ஆராய்ச்சிக்கு உறுதியான காலக்கணக்கு ஒன்று கிடைத்தது இதனால்தான். அப்பெரும்பணியைக் குறைத்துக் கூறுதல் தகாது. ஆயினும் அவரும் இவ்விடத்தை உரோமர் வணிகத்தை வைத்தே பெயரிட்டு அறிமுகம் செய்தார். கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்து ஆராய்ந்த பின்னரே, உரோமக் கப்பல் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதும், அக்கப்பல்கள் நின்ற பின்னும் வாழ்வு தொடர்ந்தது என்பதும் தெளிவாயின. பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அம்மண்ணிலேயே கிடைத்தன. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு பேசுகின்றது என்பதை நம் திண்ணைப் பள்ளிகளில் கற்றோரும் அறிவர். வந்தவன் பெயரால் ஊர் அறியப்பட, இருந்தவன் பெயர் பின்னுக்குப் போயிற்று. ஒரு பொருளை யார் வைத்திருக்கின்றனர் என்பதைப் போலவே, அதற்கு யார் பெயரிடுகின்றனர் என்பதும் நிகர்மையைச் சார்ந்ததே. பானையோடு பாரிசில் இருப்பினும் புதுவையில் இருப்பினும், அதன் சீட்டை எழுதும் அறிஞர் கூட்டத்தில் தமிழர்க்கும் ஓர் இருக்கை வேண்டும்.

மூன்றாவது வகைப் பொருள் வழிபாட்டுப் பொருள். இங்குத்தான் வழக்கு மிகக் கடுமையாகின்றது. மேற்கூறிய ழுவோ துப்ரேய் பல்லவர் கலையை ஆழ்ந்து கற்றவர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிற் பல்லவர் கால ஓவியச் சுவடுகளைக் கண்டறிந்தவர். அவரே, 1926ஆம் ஆண்டளவில், காஞ்சிப் பகுதியிற் கிடைத்த பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினியர் கற்படிமங்கள் பாரிசு நகரத்துக் கலைப்பொருள் வணிகரான சி. டி. லூ என்பாரிடம் சேர்தற்கும் காரணராயினார். ஒரே தொகுதியாய் அமர்ந்திருக்க வேண்டிய அத்தேவியர் இன்று பாரிசிலும் இலண்டனிலும் வாஷிங்டனிலும் டொராண்டோவிலும் டெட்ராய்ட்டிலும் தனித்தனியே வீற்றிருக்கின்றனர். துப்ரேயைக் கள்வர் என்று ஒரு சொல்லால் ஒதுக்குதல் முறையன்று. அறிஞர் என்று ஒரு சொல்லால் போற்றி அமைதலும் முறையன்று. ஆண்ட இனத்தார்க்கு அக்காலத்து இரண்டும் ஒன்றாகவே இருக்க இயன்றது என்பதே உண்மை.

"நாங்கள் எடுத்துச் சென்றமையால்தான் அவை பிழைத்தன, உங்களிடம் இருந்திருப்பின் சிதைந்திருக்கும்" என்று மேனாட்டார் சிலர் கூறுவர். இக்கூற்று முழுப் பொய்யன்று என்பதை நாட்குறிப்பின் வரலாற்றிற் கண்டோம். ஆனால் நம் நாட்டில் அடைக்கலப் பொருள் என்று ஒன்றுண்டு. பக்கத்து வீட்டான் தீர்த்த யாத்திரை போகும்போது ஒப்படைத்த நகையைப் பத்தாண்டு பாதுகாத்தவன் அதன் உடையவன் ஆகிவிடுவதில்லை. திரும்பக் கொடுக்கும்போது அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நன்றி சொல்லுவோம். நகையை அவனுக்கே விட்டுவிடுவோமா? ஒப்படைக்காமலே எடுத்துச் சென்றவன் திறத்தில் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, மகிழ்ச்சி தரும் ஒரு செய்திக்கு வருவேன். புதுவை செயின்ட் லூயி தெருவில், அருங்காட்சியகம் உள்ள அதே தெருவில், 1955ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ழான் ஃபிலியோசா அதன் முதல் இயக்குநர். அங்கும் கீழ்த்திசைக் கல்விக் கழகத்தின் புதுவைக் கிளையிலும் சேர்த்துத் தொகுத்த சைவ ஓலைச்சுவடிகள் ஏறத்தாழ 11,000. இத்தொகுதியை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இச்சுவடிகள் பாரிசுக்குச் செல்லவில்லை, புதுவையிலேயே உள்ளன. நம் பண்டிதர்களும் பிரெஞ்சு அறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து அவற்றைப் படிக்கின்றனர். தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று எடுத்த ஒளிப்படங்களும் இலட்சத்துக்கு மேல் அங்கு உண்டு.

அப்படங்கள் பின்னாளில் என்ன செய்தன தெரியுமா? அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர் படிமம் ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2008ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்தது. அது சிரீபுரந்தான் நடராசரே என்று மெய்ப்பித்த சான்றுகளுள் தலையாயது, கோயிலில் இருந்தபோதே அப்படிமத்தை எடுத்துவைத்த புதுவை நிறுவனத்தின் ஒளிப்படம். 2014ஆம் ஆண்டில் அப்பெருமான் இந்தியா திரும்பினார். முன்னாளிற் புதுவையைத் தளமாகக் கொண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவரால் காஞ்சித் தேவியர் கடல் கடந்தனர். பின்னாளிற் புதுவையிலேயே பிரெஞ்சு நிறுவனம் ஒன்று காத்த படத்தால் கடல் கடந்த கூத்தன் மீண்டான். ஆட்சி போய் நட்பு வந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்; அறிவு உரிய ஊரிலேயே இருந்தமையும் காரணம்.

வழிபாட்டுப் பொருளுக்குப் படி பயன்படாது. நடராசரைப் போலவே மற்றொரு படிமம் வார்த்து அனுப்பினால் காட்சிக்குப் பொருந்தும், பூசைக்குப் பொருந்தாது. இதனை இலண்டன் நீதிமன்றமும் ஒருவாறு உணர்ந்தது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976ஆம் ஆண்டில் மண்ணிற் கிடைத்த நடராசர் படிமம் கைம்மாறிக் கைம்மாறி இலண்டன் சென்றபோது வழக்கு எழுந்தது. இடிந்து கிடந்த ஒரு கோயில் தானே வழக்காட இயலுமா? ஆங்கிலேயர் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நம் சட்டத்தில் உண்டு. நம் சட்டத்தை மதித்து, அக்கோயில் தன் உரிமையைக் கேட்கலாம் என்று மேன்முறையீட்டு மன்றம் 1991ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. படிமமும் மீண்டது. படிமம் மீண்டதைக் காட்டிலும் இத்தீர்ப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. நம்மை ஆண்ட நாட்டின் தலைநகரில், நம் மக்கள் கோயிலைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்து, மூடநம்பிக்கை என்று தள்ளப்படாமல் சட்டமாக மதிக்கப்பட்டது. பண்பாட்டு நிகர்மை என்று நான் கருதுவது இதனையே.

ஆப்பிரிக்காவிலும் இக்காற்று வீசுகின்றது. 1892ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையிற் கவர்ந்த பொருள்களுள் 26ஐ 2021ஆம் ஆண்டில் பிரான்சு பெனின் நாட்டுக்குத் திருப்பியளித்தது. அதன் பொருட்டு 2020ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பொதுத் தொகுப்பிற் சேர்ந்த பொருளை நீக்கலாகாது என்னும் பழைய விதி அங்கு அவ்வளவு வலியது. ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்த பீரங்கி 2023ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது.

பிறரைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் நலம். புதுவைக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து எட்டு உயர்ந்த கற்றூண்கள் நிற்கின்றன. மாலையில் உலாவச் செல்வோர் அவற்றின் அடியில் அமர்ந்து சுண்டல் தின்பர். அத்தூண்கள் புதுவைக்கு உரியவை அல்ல. 1750ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். அங்கிருந்து கொணர்ந்த தூண்கள் இவை. எடுத்தவர் பிரெஞ்சுக்காரர்தாம், ஆனால் இன்று வைத்திருப்போர் நாம்! செஞ்சியிலிருந்து கடல் காண வந்த மாணவன் ஒருவன் அவற்றைத் தொட்டு, "இவை எங்கள் ஊர்த் தூண்கள்" என்று கூறுவானாயின் நாம் என்ன விடை சொல்வோம்? 'நாங்கள் நன்றாகத்தானே பாதுகாக்கிறோம்' என்போமா? அவ்விடையை வேறெங்கோ கேட்டாற் போலன்றோ இருக்கும்!

அவற்றைப் பெயர்த்துச் செஞ்சிக்கு வண்டியேற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. பெயர்க்கையில் முறியவும் கூடும். அடிகளைச் சூழ்ந்து நிற்றல் அவற்றுக்கு இழிவும் அன்று. ஆயினும் அவை வந்த வரலாறு அங்கு வரும் ஒவ்வொருவர்க்கும் தமிழில் விளங்குமாறு சொல்லப்பட வேண்டும். செஞ்சியார் கேட்பராயின் அவரோடு அமர்ந்து பேசி ஒரு முடிவு காணவும் நாம் அணியமாக இருத்தல் வேண்டும். ஏக்சு நகரத்துக் காப்பகத்துக்கு நாம் விண்ணப்பம் எழுதும் நாளில், அதற்கு முன்னதாகச் செஞ்சிக்கு ஒரு கடிதம் போயிருத்தல் நன்று.